கழுவிக் கெடுத்த தொட்டி

என்னிடம் வேலை பார்ப்பவர்களின் எண்ணிக்கையைச் சொன்னால் பெரிய பெரிய முதலாளிகளே எழுந்து நின்று கும்பிட வேண்டும். கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். ஞாயிறு லீவு கிடையாது, பொங்கல் போனஸ் கிடையாது, சங்கம் வைத்துக் கொடி பிடிப்பதும் கிடையாது. ஒரே குறை, அவர்களில் ஒருவரையும் வெறும் கண்ணால் பார்க்க முடியாது. படூரில் ஓ.எம்.ஆர். சாலையை ஒட்டி நிற்கும் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்த்துக்கொள்பவன் நான். பெயர் தீனதயாளன். அந்த இடத்தை எல்லோரும் எஸ்.டி.பி. என்பார்கள். அத்தனை வீட்டுக் கக்கூஸும் குளியலறையும் சமையலறையும் கடைசியில் வந்து சேர்வது என்னிடம்தான்.

வேலையை எளிதாகச் சொல்லிவிடலாம். தரைக்கு அடியில் ஒரு பெரிய தொட்டி. அதற்குள் ப்ளோயர் என்கிற இயந்திரம் ஓயாமல் காற்றை ஊதும். காற்று கிடைத்தால் தொட்டியில் இருக்கும் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சாப்பிடும். சாப்பிட்டுப் பெருகி, பழுப்புச் சேறாகத் திரண்டு அடியில் படியும். மேலே தெளிகிற தண்ணீர் வடிகட்டி வழியாகப் புல்வெளிக்கும் செடிகளுக்கும் போகும். நான் செய்வதெல்லாம் சுவிட்சைப் போடுவது, அணைப்பது, ஒரு கண்ணாடி ஜாடியில் தொட்டித் தண்ணீரை மொண்டு வைத்துச் சேறு எப்படிப் படிகிறது என்று முறைத்துப் பார்ப்பது. சாப்பிடுகிறவர்கள் அவர்கள், சம்பளம் வாங்குகிறவன் நான்.

இதற்கென்று நான் பிறக்கவில்லை. மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எங்கள் வீட்டில் முதன்முதலில் பாலிடெக்னிக் படிக்கப் போனவன் நான். முதன்முதலில் அதில் அரியர் வைத்தவனும் நான்தான். மறைமலை நகர்ப் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தேன். ஆர்டர் குறைந்தபோது அங்கிருந்து வெளியே அனுப்பப்பட்ட முதல் ஆளும் நானே. பிறகு படூரில் பம்ப் ஆபரேட்டர் வேலை இருக்கிறது என்றார்கள். தண்ணீர் மோட்டார் போடுகிற வேலைதானே என்று வந்தேன். தண்ணீர் மோட்டார்தான். எந்தத் தண்ணீர் என்று நான் கேட்டிருக்க வேண்டும். முதல் நாள் கீழே இறங்கியவன், காலையில் சாப்பிட்ட நாஸ்தாவை அங்கேயே விட்டுவிட்டு மேலே வந்தேன். அதையும் தொட்டி செரித்துக்கொண்டது.

என் வேலை என்னவென்று மனைவி ஜோதிலட்சுமிக்குத் தெரியும், மகள் ரேணுகாவுக்குத் தெரியும். ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. கல்யாணம், காதுகுத்து என்று போகிற இடத்தில் யாராவது கேட்டால் "பயோ பிளாண்ட் இன்சார்ஜ்" என்பேன். இங்கிலீஷில் சொன்னால் மேற்கொண்டு கேள்வி வராது என்பது என் அனுபவம். பெரியப்பா மகன் ஒருவன் மட்டும் அது மருந்து தயாரிக்கிற இடம் என்று தானாகவே முடிவு கட்டி, முழங்கால் வலிக்கு ஏதாவது எடுத்துக்கொண்டு வரச் சொன்னான். "எங்க பிளாண்ட் சரக்கு எல்லாருக்கும் ஒத்துக்காதுடா" என்று சொல்லித் தப்பித்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

வெட்கம்தான். வேறு பெயர் சொல்லி அதை அழகுபடுத்தத் தெரியவில்லை. வேலை முடிந்ததும் தேய்த்துத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். அப்படியும் பக்கத்து சீட்டுக்காரர் ஜலதோஷத்தில் மூக்கை உறிஞ்சினால்கூட அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடலாமா என்று தோன்றும். சிலமுறை இறங்கியும் இருக்கிறேன்.

ஆனால் தொட்டி மேல் எனக்கு ஒரு பிரியம் வந்துவிட்டது. அதற்குக் காரணம் வரலட்சுமி மேடம். பராமரிப்பு நிறுவனத்திலிருந்து மாதம் ஒருமுறை வருவார். பொத்தேரி காலேஜில் நுண்ணுயிர் பற்றிப் படித்துவிட்டு வந்த சின்னப் பெண். ஸ்கூட்டியில் காலுக்கு முன்னால் மைக்ரோஸ்கோப் பெட்டியை நிறுத்தி, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போவதுபோல் பத்திரமாக ஓட்டி வருவார். முதல் தடவை ஒரு சொட்டுத் தொட்டித் தண்ணீரைக் கண்ணாடித் துண்டில் விட்டு, "பாருங்கண்ணா, உங்க ஆளுங்க" என்றார். குனிந்து பார்த்தேன். நீண்ட காம்பின் நுனியில் கோயில் மணி போல ஒன்று. லேசாக அசைந்தாலே காம்பு சுருண்டு, பிறகு மெதுவாக நிமிர்ந்தது. வாயில் இரண்டு சக்கரம் சுற்றுகிற மாதிரி ஒன்று. எட்டுக் காலோடு, சாப்பிட்டுவிட்டுத் தூக்கம் வராத ஆள் போல உருண்டு உருண்டு நடக்கிற ஒன்று. அன்று நான் டீ குடிக்கப் போகவே மறந்துவிட்டேன்.

"இத்தினி வகை இருந்தா தொட்டி நல்லா கீதுன்னு அர்த்தம்ணா" என்று வரலட்சுமி மேடம் விளக்கினார். "ஒண்ணு துன்றத இன்னொண்ணு துன்னாது. சோப்புத் தண்ணிய ஒண்ணு பாத்துக்கும், எண்ணெய இன்னொண்ணு பாத்துக்கும். வகை கொறைஞ்சா எது வந்தாலும் தொட்டி பேஜாராயிடும்."

"இவங்க இப்டியே இருப்பாங்களா மேடம்?"

"எங்க இருப்பாங்க? மழைக்கு ஒரு கூட்டம், வெயிலுக்கு ஒரு கூட்டம். போன மாசம் இருந்தது இந்த மாசம் இருக்காது. ஆளுங்க மாறிகினே இருப்பாங்க, வேலை மட்டும் நடந்துகினே இருக்கும்."

எங்கள் குடியிருப்பும் அப்படித்தான். வாடகைக்கு வருகிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், லிப்ட் மட்டும் ஒரே மாதிரி ரிப்பேராகிக்கொண்டிருக்கும். அன்றிலிருந்து மாதாமாதம் மைக்ரோஸ்கோப்புக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். ரேணுகாவின் ரேங்க் கார்டைக்கூட நான் அவ்வளவு ஆர்வமாகப் பார்த்ததில்லை. நல்ல தொட்டிக்குக் காபித்தூள் நிறம் இருக்கும், மழை விட்ட பிறகு வருகிற மண் வாசனை இருக்கும். அந்த வாசனை வந்தால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கும்.

இந்த நிலையில்தான் ரேணுகாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. வேடந்தாங்கல் பக்கத்துக் குடும்பம். மாப்பிள்ளை சரவணகுமார் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அருகில் ஒரு கம்பெனியில் நிரந்தர வேலையில் இருந்தார். அவருடைய அப்பா சுப்பிரமணிக்கு ஏரிப் பாசனத்தில் நெல், கூடவே மினி லாரி ஓட்டம். பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் என் வேலையைப் பற்றி ஒரு சிறிய சொற்பொழிவே தயார் செய்தேன். பயோ என்ற சொல் அதில் நிறைய இடத்தில் வரும், கக்கூஸ் என்ற சொல் ஓரிடத்திலும் வராது.

அந்தச் சொற்பொழிவுக்கு வேலையே வரவில்லை. ஏரியில் தண்ணீர் எவ்வளவு, பறவைகள் எப்போது வரும், படூரில் வெயில் எப்படி என்றெல்லாம் பேசினார்கள். நானாக "எங்க பிளாண்ட்ல" என்று ஆரம்பித்தாலும் சுப்பிரமணியின் மனைவி "காபி சூப்பரா கீதுங்க" என்று பேச்சைத் திருப்பிவிட்டார். அடுத்தமுறை வந்தபோதும் அப்படியே. என் தோரணையைப் பார்த்தே பெரிய அதிகாரி என்று நம்பிவிட்டார்கள் என்று ஜோதிலட்சுமியிடம் சொன்னேன். சொல்லும்போது சட்டைக் காலரையும் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொண்டேன். அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தீபாவளி முடிந்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் என்று முடிவானது. குடியிருப்புச் சங்கத்தில் கேட்டேன். தங்கமான மனிதர்கள், விழாக்கூடத்தை அன்று முழுவதும் எனக்கே விட்டுக்கொடுத்தார்கள். சம்பந்தி வீட்டில் "எங்க கம்பெனி ஹால்" என்று சொல்லி வைத்தேன். கூடத்தின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் என் தொட்டி. அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. மண் வாசனையை யார் என்ன சொல்லப் போகிறார்கள்?

அதற்கு முன்னால் ஆயுத பூஜை வந்தது.

நம் ஊரில் ஆயுத பூஜைக்கு எதையும் கழுவாமல் சாமிக்குக் காட்ட முடியாது. ஆட்டோக்காரர் ஆட்டோவைக் கழுவுவார், தையல்காரர் மிஷினைத் துடைப்பார். நானும் வருடா வருடம் ப்ளோயரைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, பூசணிக்காய் உடைப்பது வழக்கம். இந்த வருடம் வழக்கம் போதவில்லை. வீட்டில் விசேஷம் வருகிறது, சம்பந்தி வீட்டார் அந்தப் பக்கம் ஒரு எட்டு எட்டிப் பார்த்தாலும் ஆஸ்பத்திரி போலப் பளபளவென்று இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம். ப்ளீச்சிங் பவுடரைச் சாக்கோடு கொண்டு வந்தேன். பினாயிலைக் கேனோடு கொண்டு வந்தேன். தரை, படி, குழாய், தொட்டியின் உள்விளிம்பு என்று ஒரு இடம் விடாமல் நாள் பூராவும் தேய்த்துக் கழுவினேன். அங்கே கழுவுகிற தண்ணீர் எங்கே போகும் என்று நான் யோசிக்கவில்லை. ஊர்த் தண்ணீரெல்லாம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்வதற்காகவே சம்பளம் வாங்குகிற ஆள் நான்.

கழுவி முடித்து, தொட்டியைச் சுற்றி மாவிலைத் தோரணம் கட்டி, கற்பூரம் ஏற்றிக் காட்டினேன். இத்தனை வருடம் சோறு போட்டவர்களே, என் பெண் கல்யாணம் வரைக்கும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கண்ணை மூடி மனமார வேண்டிக்கொண்டேன். அந்த நேரத்தில் அவர்கள் உள்ளே செத்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் விஜயதசமி. கீழே இறங்கினேன். காபித்தூள் நிறம் போய்ச் சாம்பல் நிறம். மேலே வெள்ளை நுரை. மண் வாசனை இருந்த இடத்தில் அழுகின முட்டை நாற்றம். ஜாடியில் மொண்டு வைத்தால் எதுவும் படியவில்லை, கலங்கலாகவே நின்றது. வரலட்சுமி மேடத்துக்குப் போன் போட்டேன். லீவு நாளானாலும் வந்துவிட்டார். கண்ணாடித் துண்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தி நெடுநேரம் பார்த்தார்.

"யாருமே இல்லண்ணா" என்றார்.

அந்தச் சொல் எனக்கு எழவு வீட்டுச் செய்தி போல இருந்தது.

"இன்னா ஊத்துனீங்க?"

"ஊத்தல மேடம். பூஜைக்குக் கழுவுனேன்."

சாக்கையும் கேனையும் பார்த்தார். தோரணத்தைப் பார்த்தார். சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன். என் முகத்தைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது.

"வேற தொட்டிச் சேறு கொண்டாந்து விதைக்கணும். மறுபடி வந்துடுவாங்க. ஆனா கூட்டம் சேர்றது சீக்கிரம் சேர்ந்துடும்ணா. பழையபடி வகை சேர நாளாவும்."

"எவ்ளோ நாளாவும்?"

"சொல்ல முடியாது. ரெண்டு மாசம் கூட ஆவும்."

நிச்சயதார்த்தத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. வீட்டுக்கு வந்து ஜோதிலட்சுமியிடம் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னா மனுசன்யா நீ. கொரோனாவுக்குக் கூட அந்தத் தொட்டி அசையல. நீ சாமி கும்பிட்டு சாவடிச்சிட்டியே" என்றாள். பிறகு, "வேற மண்டபம் பாரு" என்றாள்.

மண்டபம் மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் தொட்டியைச் சொல்ல வேண்டும். தொட்டியைச் சொன்னால் அது என்ன தொட்டி என்று கேட்பார்கள். கக்கூஸ் தண்ணீர் ஆளின் பெண் என்று தெரிந்து அவர்கள் பின்வாங்கிவிட்டால் ரேணுகாவின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? அதைவிடத் தொட்டிக்குள் ஒரு ஊரையே மறுபடி குடியேற்றுவது சுலபம் என்று எனக்குத் தோன்றியது. என் புத்தி அப்படித்தான் வேலை செய்யும்.

கேளம்பாக்கத்தில் வேறொரு குடியிருப்பில் இதே வேலை பார்க்கும் பார்த்திபன் என் கூட்டாளி. கேட்டதும் அவனுடைய தொட்டியிலிருந்து நல்ல கெட்டிச் சேறாக மொண்டு கேன்களில் நிரப்பினான்.

"மச்சான், பொண்ணு குடுக்குற மாதிரி குடுக்குறேன். ஒயுங்கா பாத்துக்க. கழுவி கிழுவி வெச்சிடாத" என்றான்.

மொபெட்டில் கேன்களைக் கட்டிக்கொண்டு வரும்போது சிக்னலில் போக்குவரத்துக் காவலர் நிறுத்தினார். கேனில் என்ன என்று கேட்டார். விதை சார் என்றேன். என்ன விதை என்றார். மூடியைத் திறந்து காட்டினேன். அவர் லைசென்ஸ்கூடக் கேட்காமல் என்னைப் போகச் சொல்லிக் கையை வேகமாக ஆட்டினார்.

சேற்றை ஊற்றினேன். அவர்களுக்குத் தீனியாக வெல்லத்தைக் கரைத்து ஊற்றினேன். மளிகைக் கடைக்காரர் "இன்னாண்ணாத்த, ஐப்பசியிலயே பொங்கலா?" என்று கேட்டார். நானாக ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு கூடைச் சாணமும் கொண்டு வந்தேன். வரலட்சுமி மேடம் அதைப் பார்த்துவிட்டு, "வேணாம்ணா, மாட்டு வயித்துக் கூட்டம் வேற, இது வேற" என்று தடுத்துவிட்டார். சாணம் ரோஜாச் செடிக்குப் போனது. இந்த முழுக் கதையிலும் நன்றாக முன்னேறியது அந்த ரோஜாச் செடி ஒன்றுதான்.

மேடம் இப்போது மாதம் ஒருமுறை இல்லை, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வந்தார். முதலில் கண்ணாடித் துண்டில் தெரிந்தவை கண்ணுக்குச் சிக்காமல் அங்குமிங்கும் ஓடுகிற பொடிசுகள் மட்டும். காலி இடம் கிடைத்தால் முதலில் வந்து இறங்குகிறவர்கள். படூரில் புதுத் தெரு போட்டால் முதலில் டீக்கடை வரும், அப்புறம் பேச்சிலர் பையன்கள் வருவார்கள், அப்புறம்தான் மருந்துக் கடையும் குழந்தை டாக்டரும். தொட்டியிலும் அதே வரிசை. ஒரு வாரம் கழித்து நாற்றம் குறைந்தது. அப்புறம் சேறு திரிதிரியாகத் திரள ஆரம்பித்தது. ஒருநாள் ஒரே ஒரு மணி, காம்போடு, தனியாக நின்றது. மேடத்துக்கு முன்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ப்ளீச்சிங் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

தீபாவளி எண்ணெய்க் குளியலன்று தொட்டி ஒருமுறை திணறியது. எல்லா வீட்டு நல்லெண்ணெயும் சீயக்காயும் ஒரே காலையில் வந்து விழ, முழங்கால் உயரத்துக்கு நுரை எழும்பி அடங்கியது. மேடம் பார்த்துவிட்டு எச்சரித்தார்.

"எண்ணிக்கை வந்துடுச்சிண்ணா, வகை இன்னும் வரல. ரெண்டு மூணு வகை தான் ஊர் பூரா ரொப்பிகினு கீது. அதுங்களுக்குத் தெரிஞ்ச சாப்பாடு தான் தெரியும். விசேஷத்தன்னிக்கி எண்ணெயும் பாத்திரம் கழுவுற சோப்பும் மொத்தமா உள்ள வுட்டுடாதீங்க."

சமையல்காரரிடம் சொன்னால் முடிந்துவிடும். ஆனால் சமையல் மாப்பிள்ளை வீட்டு ஏற்பாடு. அவர்கள் ஊர் பூவாயியின் கை வடை இல்லாமல் அவர்கள் வீட்டில் எந்த விசேஷமும் நடக்காதாம். பூவாயியிடம் எண்ணெயைப் பாத்திரம் கழுவும் இடத்தில் ஊற்றாதே என்றால், ஏன், அது எங்கே போகிறது என்ற கேள்வி வரும். ஆகவே நான் ஒரு ஏற்பாடு செய்தேன். எண்ணெய்க்கும் எச்சில் தண்ணீருக்கும் தனியாகப் பெரிய டிரம் வைத்தேன். காரணம் சொல்லாமல், பாத்திரம் கழுவும் இடத்துப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

நிச்சயதார்த்தத்தன்று வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் பெண்ணின் அப்பாவைத் தேடினார்கள். பெண்ணின் அப்பா பட்டு வேட்டியோடு எச்சில் பாத்திரங்களுக்குக் காவல் இருந்தார். பூவாயி கொஞ்ச நேரம் பார்த்தார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னாங்க சம்மந்தி, அண்டாவத் தூக்கினு ஓடிடுவோம்னு நெனச்சீங்களா?"

"அய்யய்யோ, அதெல்லாம் இல்லம்மா. வடை வாசனை நல்லா கீது, அதான்."

ஒரு தட்டில் வடை வைத்துக் கொடுத்தார். சாப்பிட்டேன். மறுபடி கொடுத்தார். மறுக்க முடியாமல் மறுபடியும் சாப்பிட்டேன். கூடத்தில் மண் வாசனை கூட இல்லை, மல்லிகையும் ஊதுபத்தியும்தான் மணந்தன. தப்பித்துவிட்டோம் என்று நினைத்தபோது தட்டு மாற்ற மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

போகாமல் இருக்க முடியுமா? போனேன். நானும் ஜோதிலட்சுமியும் ஒரு பக்கம், சுப்பிரமணியும் அவர் மனைவியும் எதிர்ப்பக்கம். நடுவில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், புடவை. ரேணுகா பச்சைப் பட்டில் உட்கார்ந்திருந்தாள். ஐயர் மைக்கில் பத்திரிகையை வாசிக்க ஆரம்பித்தார். பின்பக்கம் பாத்திரங்கள் உருளும் சத்தமும், தண்ணீர் குபுகுபுவென்று இறங்கும் சத்தமும் கேட்டன. நான் இல்லாத இடைவெளியில் பூவாயியின் ஆட்கள் வடைச்சட்டி எண்ணெய், பாயச மிச்சம், சோப்புத் தண்ணீர் எல்லாவற்றையும் தாராளமாக உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்கள். டிரம்மில் வாழைப்பூ ஊற வைத்திருந்தார்களாம், பிறகு தெரிந்தது.

தட்டை நான் கையில் எடுத்த நேரத்தில் பின்கதவு வழியாக அது தெரிந்தது. வெள்ளையாக, மெதுவாக, அவசரமே இல்லாமல். தொட்டியை மூடியிருந்த இரும்புச் சட்டத்தின் இடுக்குகளில் பொங்கிய நுரை படியேறி, சாப்பாட்டுப் பந்தியின் கடைசி மேஜைக் காலைத் தொட்டுவிட்டது. குழந்தைகள் ஓடிப்போய் அதில் குதிக்க, ஒரு பெரியம்மா புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

தட்டு மாற்றுவதற்கு முன் எழுந்திருப்பது நல்ல சகுனம் இல்லை. உட்கார்ந்தே இருந்தால் இன்னும் கொஞ்ச நேரத்தில் நுரை மேடைக்கே தாம்பூலம் வாங்க வந்துவிடும். ஜோதிலட்சுமி என்னைப் பார்த்தாள். "போ" என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

"ஒரு நிமிஷம். கரண்ட்டு பிரச்சினை" என்று சொல்லித் தட்டை வைத்துவிட்டு எழுந்தேன். விளக்குகளெல்லாம் ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தன. கூடத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. பெண் வீட்டுக்காரன் தட்டை வைத்துவிட்டு ஓடுகிறான் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் இறங்கினேன். ப்ளோயரின் வேகத்தைக் குறைத்தேன். ரப்பர் குழாயை இழுத்து நுரை மேல் தண்ணீரை அடித்தேன். ஒரு பக்கம் அடங்கினால் இன்னொரு பக்கம் எழும்பியது. இடுப்பு வரை நனைந்துவிட்டேன். என் மீசையில்கூட நுரை. என் பெண்ணின் வாழ்க்கையை நானே கழுவி ஊற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே அடித்தேன்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பினால் சுப்பிரமணி. அவரும் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்.

"பயோ பிளாண்ட்ல சின்ன..." என்று ஆரம்பித்தேன்.

அவர் ஓரத்தில் கிடந்த இன்னொரு குழாயை எடுத்தார். "எந்தப் பக்கம் அடிக்கணும், சொல்லுங்க."

"அந்தப் பக்கம்" என்றேன். வேறென்ன சொல்ல?

இருவரும் அடித்தோம். நுரை மெல்ல இறங்கியது. அவர் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"ஒரு வூட்டுக் கக்கூஸ் ரொம்பினாலே எங்க ஊருல அல்லாரும் அல்லாடுவோம். நீங்க இத்தினி வூட்ட தனியா பாத்துக்குறீங்க" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "சம்மந்தி, நான் உங்களாண்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"தெரியும்" என்றார் அவர், குழாயை நிறுத்தாமல். "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே எங்கள மாடிக்குக் கூட்டினு போய் உங்க பொண்ணு சொல்லிடுச்சி. 'எங்கப்பா கக்கூஸ் தண்ணிய சுத்தம் பண்ற வேலை செய்றாரு. எனக்கு அதுல ஒரு கொறையும் இல்ல. அவருக்குத் தான் வெளிய சொல்ல கூச்சம். அதனால அவராண்ட வேலைய பத்தி மட்டும் கேக்காதீங்க, அவரா சொல்றப்ப சொல்லட்டும்'னு எங்களாண்ட சத்தியம் வாங்கிச்சி."

குழாய்த் தண்ணீர் என் காலிலேயே கொட்டிக்கொண்டிருந்தது.

"கட்டுனா இந்தப் பொண்ணத் தான் கட்டணும்னு அன்னிக்கே என் சம்சாரம் ஒரே புடியா நின்னுச்சி" என்றார். "பறவ எச்சம் வுழுந்த ஏரித் தண்ணியில வெளஞ்ச நெல்ல துன்னு வளந்தவங்க நாங்க. எங்களாண்ட போய் இன்னாத்த மறைக்கிறீங்க?"

அழுதேன். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது அழலாம் என்று ஒதுக்கி வைத்திருந்த அழுகை எல்லாம் அங்கேயே வந்துவிட்டது. சம்பந்தி என் தோளில் இருந்த நுரையைக் கையாலேயே வழித்துப் போட்டார்.

"செரி வாங்க. தட்டு காத்துகினு கீது."

இருவரும் ஈர வேட்டியோடு கூடத்துக்குள் நுழைந்தோம். ஐயர் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்ன ஆயிற்று என்பதுபோலப் பார்த்தார். நான் அந்த மைக்கை வாங்கினேன். பயோ என்ற சொல் தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"மன்னிக்கணும். இந்த அபார்ட்மென்ட் கக்கூஸ் தண்ணி எல்லாம் பின்னாடி ஒரு தொட்டிக்கு வருது. அது பொங்கிடுச்சி. அத்த பாத்துக்குறது தான் என் வேலை" என்றேன்.

பெரியப்பா மகன் தன் முழங்காலைத் தடவிக்கொண்டதைப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. ரேணுகா மேடையிலிருந்து இறங்கி வந்தாள். என் முன்னால் குனிந்து, மருதாணி போட்ட கையால் என் வேட்டி நுனியைப் பிடித்து, அத்தனை பேர் எதிரிலும் அழுத்திப் பிழிந்துவிட்டாள். சாம்பல் நிறத் தண்ணீர் அவள் விரலிடுக்கில் வழிந்தது.

"கைய கழுவுமா" என்றேன்.